ஹட்டன் சிநேகிதி ஆவணி வெயிலில் ஒரு கிழமை நிற்க வந்தால்

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பேராதனையில் உங்களோடு படித்த சிநேகிதி ஹட்டனில் இருந்து ஆவணியில் வந்து ஒரு கிழமை நிற்கப்போகிறா. யாழ்ப்பாணத்துக்கு முதல் தடவை. உங்கள் வீடு கொக்குவிலில். கிணற்றுத் தண்ணீர், ஏசி இல்லை, ஒரு ஸ்கூட்டி, மாமியும் கூட இருக்கிறா. ஏழு நாளும் எங்கெங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடங்களைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முதல் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள்: காலை 9 மணிக்குப் பிறகு பின்னேரம் 4 மணி வரை அவவை வெளியே கொண்டுபோகக் கூடாது. அந்த ஏழு மணித்தியாலமும் வீட்டுக்குரியது. இங்கே வந்து நின்றுவிட்டுக் களைத்துப்போய்த் திரும்புகிற விருந்தாளிகள் பெரும்பாலும் அந்த நேரத்தில் ஹையேஸ் வானுக்குள் இருந்தவர்கள்தான். கோட்டை, நூலகம், கசூரினா, கீரிமலை, நிலாவரை எல்லாவற்றையும் ஒரே பகலில் பார்த்தோம் என்பார்கள். கேட்டால் தலையிடி ஒன்றுதான் ஞாபகத்தில் இருக்கும்.

உங்கள் சிநேகிதி 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊரில் வாழ்கிறவ. ஆவணியில் அங்கே மழையும் குளிரும். இங்கே பகலில் 32, 33 பாகை, இரவிலும் 26க்குக் கீழே இறங்குவது அருமை. அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. எங்களுக்கு இங்கே அடிக்கிற சோழகக் காற்றும் அவவின் ஊரில் மழை கொட்டுகிற தென்மேற்குப் பருவக்காற்றும் ஒன்றுதான். மலையின் மேற்குச் சரிவில் தண்ணீரை இறக்கிவிட்டு, எங்களிடம் வரும்போது புழுதியை மட்டும் கிளப்பிக்கொண்டு வருகிறது. முதல் நாள் விறாந்தையில் இருக்கும்போது இதைச் சொல்லுங்கள். அந்தக் காற்றைப் பிறகு வேறு மாதிரிப் பார்ப்பா.

உடம்பு புது வெக்கைக்குப் பழக ஒரு கிழமை தொடங்கி இரண்டு கிழமை வரை எடுக்கும். பழகி முடிகிற நேரத்தில் அவ பஸ் ஏறிவிடுவா. ஆகவே "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று நம்பி மூன்றாம் நாளில் இருந்து ஓட்டத்தைக் கூட்ட வேண்டாம். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், கால் குறண்டுதல், மஞ்சள் கடுத்துப் போகும் சலம் எல்லாம் முன்கூட்டியே தெரிகிற அடையாளங்கள். நிழலில் இருத்தி, முகம் கழுத்து நனைத்து, ஜீவனி (பார்மசியில் விற்கிற, வியர்வையில் இழந்த உப்பையும் நீரையும் ஈடுசெய்யும் கரைசல் தூள்) கரைத்துக் கொடுங்கள். இரண்டு மூன்று பைக்கற் வாங்கி வீட்டில் வைத்திருங்கள். ஆள் தடுமாறிக் கதைத்தால், உடம்பு கொதித்தால், அதை வீட்டு வைத்தியத்தோடு விட்டுவிடாதீர்கள். தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இனித் தண்ணீர். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், காசல்றீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒருவருக்கு எங்கள் தண்ணீர்க் கணக்கு சொல்லாமல் விளங்காது. குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு கூட மாரியில்தான் ஆறு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உவர்த் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அந்தப் படையைத்தான் ஒன்பது பத்து மாதம் குடிக்கிறோம், குளிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். ஆவணி, புரட்டாதியில் அது அடிக்குப் போயிருக்கும். மோட்டரை நீட்டிப் போட்டு இழுத்தால் உவர் மேலே ஏறும்.

ஆகவே அவ வருவதற்கு முதல் கிழமையே கிணற்றை எட்டிப் பாருங்கள். ஒரு ஆள் கூடுவதால் கிணறு வற்றிவிடாது. ஆனால் விடியவும் பொழுதுபடவும் கொஞ்ச நேரம் என்று மோட்டரைப் பிரித்துப் போடுங்கள். மேல் தாங்கி கறுப்புப் பிளாஸ்ரிக் என்றால் மத்தியானம் பைப்பில் வருகிற தண்ணீர் கை வைக்க முடியாது. குளியலறையில் பெரிய வாளி ஒன்றைக் காலமையே நிரப்பி மூடி வையுங்கள், 2 மணிக்கு அவவுக்கு உடம்பு கழுவ வேண்டும் போல இருக்கும். ஆனால் உண்மையான குளிப்பு கிணத்தடியில்தான். உங்கள் கிணத்தடி மறைப்பாக இருந்தால் விடிய ஒரு துவாயும் வாளியும் கொடுத்து விடுங்கள். நேரே அள்ளி ஊற்றுகிற தண்ணீரின் குளிர்மையை இந்த ஊரில் வேறெதுவும் தராது.

சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் மொரமொரக்கும். அது சுண்ணாம்புத் தண்ணீர் செய்கிற வேலை. முதலே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தன்னில்தான் ஏதோ பிழை என்று நினைப்பா. கடைசியாகத் தலையில் ஊற்ற மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீர் எடுத்து வைத்தால் போதும்.

அடுத்தது தேத்தண்ணி. ஹட்டனில் இருந்து வருகிறவ தேயிலை கொண்டுவராமல் வரமாட்டா. அதை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் போட்டால் நிறம் கறுத்து, மேலே ஒரு ஆடை படிந்து, மணம் செத்துப்போகும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புத்தான் தேயிலையின் குணத்தையும் பிடித்து வைக்கிறது. அவ கொண்டுவந்த தேயிலைக்கு ஆர்.ஓ. தண்ணீர், அதாவது உப்பை வடித்தெடுத்த தண்ணீர், பாவியுங்கள். ஊற்றுகிறதையும் அவவிடமே விடுங்கள். அந்த மலைத் தேயிலையின் சரியான நிறத்தை உங்கள் மாமி முதல்தரம் பார்க்கட்டும்.

குடிக்கிறதுக்கும் ஆர்.ஓ. கான் தண்ணீர் அல்லது வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீர்தான் நல்லது. புதுத் தண்ணீர் வெளி ஆட்களின் வயிற்றைக் குழப்பும் என்பதால் கொதிக்க வைத்து ஆறின தண்ணீர் கொடுப்போம். கிருமிக்கு அது சரி. நைத்திரேற்றுக்குச் சரிவராது. தோட்டத்துப் பசளையாலும் மலக்குழிகளாலும் எங்கள் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று இறங்கியிருக்கிறது. கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். பெரிய ஆட்கள் ஒரு கிழமை குடிப்பதால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது. ஆனால் கைக்குழந்தையோடு யாராவது வந்தால் பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணீரை எடுக்கவே கூடாது. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தபிறகு குழாய்த் தண்ணீர் கிடைக்கிற வீடுகளுக்கு இந்தக் கவலை குறைவு.

படுக்கை அறை. உங்கள் வீட்டில் ஓட்டுக் கூரையின் கீழ் ஒரு அறையும் பிளாற் என்கிற கொங்கிறீற் தட்டைக் கூரையின் கீழ் ஒரு அறையும் இருந்தால், பிளாற் அறை எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஓட்டறையைக் கொடுங்கள். பகல் முழுக்கக் குடித்த வெக்கையைக் கொங்கிறீற் நடுச்சாமம் வரை கக்கும். மேற்குச் சுவரோடு கட்டிலைப் போட வேண்டாம். தென்மேற்கு யன்னலைப் பகலில் சாத்தி, பொழுதுபட்டதும் திறவுங்கள், சோழகம் உள்ளே வரும். நுளம்பு வலை கட்டாயம். விறாந்தையில் பாய் போட்டுப் படுக்க ஆசைப்பட்டால் விடுங்கள், வலையை மட்டும் வெளியே கொண்டுபோய்க் கட்டிக் கொடுங்கள். இரண்டு பருத்திச் சட்டை, ஒரு குடை, கால் வேர்க்காத செருப்பு கொண்டுவரச் சொல்லுங்கள். குளிர்ச்சட்டை பஸ்ஸுக்குத்தான்.

எந்தக் கிழமை வரலாம் என்பது இன்னும் உங்கள் கையில் இருந்தால், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். ஆடி அமாவாசையில் இருந்து ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் திருவிழா. 23ஆம் நாள் சப்பறம், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் ஆவணி அமாவாசையில் தீர்த்தம். சப்பறத்துக்கு முதல் நாள் விடிய வந்து இறங்கச் சொல்லுங்கள் என்பது என் எண்ணம். வந்த நாள் முழுக்கப் படுத்து எழும்பலாம். அடுத்த பின்னேரம் சப்பறம், மறுநாள் தேர். கிழமையின் மற்றப் பாதி திருவிழா முடிந்த ஊரில். வீதி மறிப்பும் சனமும் குறைந்திருக்கும்.

இப்படிச் சொல்வதற்கு இன்னொரு காரணம் சாப்பாடு. யாழ்ப்பாணத்துக்கு வருகிற யாரும் நண்டுக் கறி எதிர்பார்த்துத்தான் வருவார்கள். அதே நேரம் உங்கள் மாமி நல்லூர்க் கொடியோடு 25 நாளும் வீட்டில் மச்சம் காய்ச்ச விடமாட்டா என்று எழுதியிருக்கிறீர்கள். விருந்தாளிக்காக விரதத்தை உடைக்கவும் வேண்டாம், "இன்றைக்கு நண்டு கிடைக்கவில்லை" என்று மழுப்பவும் வேண்டாம். வருவதற்கு முதலே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: இந்த நாள் வரை சைவம், இதற்குப் பிறகு பாஷையூரில் இருந்து நண்டு. தீர்த்தமும், திருவிழா முடிவில் வைரவருக்குப் படைக்கிற மடையும் உங்கள் வீட்டு வழக்கப்படி முடிந்தபிறகு விடிய பாஷையூரோ குருநகரோ போய் வாங்கி வரலாம். அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தோணி வந்து இறங்குவதையும் கூறி விற்பதையும் மலைநாட்டில் பார்க்கக் கிடையாது.

சைவ நாட்களைக் குறையாக நினைக்காதீர்கள். திருநெல்வேலிச் சந்தை உங்களுக்குப் பக்கத்தில். முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, பயத்தங்காய், வாழைப்பூ, மாங்காய் போட்ட சொதி, தயிர் என்று நீங்கள் தினமும் சமைப்பதே அவவுக்குப் புதிது. ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும். பழத்தைச் சுட்டுப் பிசைந்து பனங்காய்ப் பணியாரம் சுடுகிற நாளில் அவவைக் குசினிக்குள் கூப்பிடுங்கள். கறுத்தக் கொழும்பான் கடைசிப் பழங்கள் எங்கேயாவது கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் வெட்டிப் போட்ட மோர் ஒரு குவளை, உப்புக் கொஞ்சம் தூக்கலாக. வியர்த்து இழந்த உப்பு அப்படித்தான் திரும்பும். சோடாவை விட இது ஆயிரம் மடங்கு நல்லது.

ஒடியல் கூழைக் கடைசி இரவுகளில் ஒன்றுக்கு வையுங்கள். ஒடியல் மாவை ஊற வைத்துத் தண்ணீரை வடித்துக் கசப்பைப் போக்கி, மீன், நண்டு, இறால், மரவள்ளி, பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்து முற்றத்தில் காய்ச்ச வேண்டியது. அதற்கு ஆட்கள் வேண்டும், நேரம் வேண்டும். பனையோலைப் பிளா கிடைத்தால் அதில் ஊற்றிக் குடிக்கக் கொடுங்கள். உறைப்பை மட்டும் முதல் முறைக்குக் கொஞ்சம் அடக்குங்கள். பஸ்ஸால் இறங்கின முதல் நாளே கூழும் நண்டும் வைத்து வயிற்றைக் கெடுத்து அனுப்புகிற வீடுகள் உண்டு. முதல் நாளுக்கு இடியப்பமும் சொதியும் போதும்.

தேர் நாளுக்குச் சில குறிப்புகள். நல்லூரில் பூசை நேரம் தப்பாது, சுணங்கிப் போனால் தவறவிட்டதுதான். விடிய 5 மணிக்கே வெளிக்கிட்டுவிடுங்கள். கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்திருப்பார்கள், ஸ்கூட்டியைத் தூரத்தில் விட்டு நடக்க வேண்டும். சேலையோ பாவாடை தாவணியோ சல்வாரோ அடக்கமாக உடுத்தால் சரி. ஆண்கள் உள்ளே மேற்சட்டையோடு போக முடியாது. கழுத்தில் நகை வேண்டாம். தேர் ஓடுகிற வீதியெல்லாம் சிதறு தேங்காய் ஓடும் இளநீரும் கிடக்கும், வெறுங்காலோடு பார்த்து நடக்கச் சொல்லுங்கள். தேர் இருப்பிடத்துக்கு வந்ததும் தண்ணீர்ப் பந்தலில் சர்பத்தோ மோரோ குடித்துவிட்டு 10 மணிக்கு முதல் வீடு திரும்புங்கள். அதற்குப் பிறகு மணல் சுடும். அருச்சனை செய்ய விரும்பினால் சிட்டை இன்றும் 1 ரூபாய்தான் என்பதைச் சொல்லுங்கள், எல்லா விருந்தாளிகளும் அதை ஆச்சரியமாகக் கேட்பார்கள். சப்பறத்தன்று இரவு கச்சான் கடைப் பக்கம் சும்மா நடக்கிறது தேரை விட இனிமையாக இருக்கலாம். அவ கோயிலுக்குப் போகிறவவா என்று முதலே கேட்டு வைத்திருங்கள். வேதக்காரி என்றாலும் வீதியில் நின்று பார்க்க யாரும் தடுக்கப்போவதில்லை.

இடங்கள். கீரிமலைக்கு விடியக் கொண்டுபோங்கள். கடலை ஒட்டி, ஒரு சுவர் தள்ளி, நன்னீர் ஊறுகிற கேணி. பெண்களுக்கு வேறாக மறைப்புக் கட்டிய கேணி இருக்கிறது. குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஓடுகிற நிலத்தடி நீர் கடலுக்குள் விழ முதல் அங்கே வெளியே வருகிறது. திரும்பும் வழியில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். நிலாவரைக் கிணற்றை வேறொரு பின்னேரம் பார்க்கலாம். மேலே நன்னீர், ஆழத்துக்குப் போகப் போக உவர். நான் மேலே சொன்ன மிதக்கும் தண்ணீர்ப் படையை ஒருவருக்குக் காட்டி விளக்க அதைவிட நல்ல இடம் இல்லை. பலர் அங்கே போய், கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்ததாம் என்கிற கதையை மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள், தண்ணீரைப் பற்றிக் கதைப்பதில்லை. அது எனக்கு மனவருத்தம்.

வடமராட்சிக்கு ஒரு விடியலை முழுதாக ஒதுக்குங்கள். மணற்காட்டு மணல் மேடுகளுக்கு 6 மணிக்கு முதல் போய்ச் சேர வேண்டும். சவுக்கு மரங்களும், மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களும், அப்பால் கடலும். 2004 சுனாமி அந்தக் கிராமத்தையும் அடித்தது, ஆகவே படம் எடுக்கிற இடம் என்று மட்டும் நினைத்துச் சத்தம் போட வேண்டாம். மணல் சூடேறத் தொடங்கும்போது வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கு வந்துவிடலாம். பருத்தித்துறைத் தேத்தண்ணிக் கடை ஒன்றில் வடை. சுடச்சுட வாங்குங்கள், தட்டை வடை என்றால் ஒரு பைக்கற் வீட்டுக்கும். தொண்டைமானாறு வழியாகத் திரும்பினால் செல்வச்சந்நிதியில் அன்னதானம் கிடைக்கும். அதோடு வீடு. கொக்குவிலில் இருந்து இவ்வளவு தூரம் ஸ்கூட்டியில் இரண்டு பேர் வெயிலில் திரும்புவது சரியில்லை, ஓட்டோ ஒன்றை விலை பேசிப் பிடியுங்கள்.

நெடுந்தீவுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆவணியில் வேண்டாம் என்பேன். குதிரைகள், பெருக்குமரம், பவளக்கல் வேலிகள் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் குறிகாட்டுவானில் இருந்து ஒரு மணித்தியாலக் கடல், சோழகத்தில் படகு தூக்கிப் போடும். போய் இறங்கினபின் நிழல் குறைவு, குடிதண்ணீரும் அருமை, திரும்புகிற படகு வரும்வரை மத்தியான வெயிலில்தான் நிற்க வேண்டும். கடல் பழகாத ஒருவருக்கு அந்த நாள் தண்டனை. மாசி, பங்குனியில் இன்னொரு முறை வரச் சொல்லுங்கள். இப்போதைக்கு அதே குறிகாட்டுவான் துறையில் இருந்து நயினாதீவு. கால் மணி, இருபது நிமிடப் பயணம். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. முதல் படகுகளில் போய் மத்தியானப் பூசைக்குப் பிறகு அமுதசுரபி மண்டபத்தில் சாப்பிடலாம். தேர் நாளையும் வடமராட்சி நாளையும் போல, நான் சொன்ன 9 மணிக் கணக்கை மீறுவதற்கு இந்த நாளும் தகும், கடல்காற்றும் மண்டப நிழலும் இருப்பதால். போகிற வழியில் பண்ணைப் பாலம் தொடங்கிப் புங்குடுதீவு வரை இருபக்கமும் தண்ணீருக்கு நடுவே ஓடுகிற வீதியில் யன்னல் பக்கம் அவவை இருத்துங்கள்.

பொது நூலகத்துக்கு ஒரு பின்னேரம். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிக்கப்பட்ட கட்டடம், திரும்பக் கட்டப்பட்டது. அங்கே நீங்கள் நிறையக் கதைக்கத் தேவையில்லை. பிறகு கோட்டை மதிலில் ஏறிப் பண்ணைக் கடலில் பொழுது படுவதைப் பார்த்துவிட்டு வரலாம். ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கீசரிடம் இருந்து பிடித்து ஐங்கோணமாகக் கட்டிய கோட்டை. கந்தரோடை, மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு எல்லாம் பக்கத்தில் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். கசூரினாக் கடற்கரைக்கு மற்றவர்கள் சொல்கிறார்களே என்று போகத் தேவையில்லை.

ஒரு நாளை அவவுக்கே விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறின. ஹட்டன் பக்கத்து ஆட்கள் பலருக்குக் கிளிநொச்சியில் சித்தியோ மாமாவோ இருப்பார்கள். அவவுக்கும் இருக்கலாம். கூச்சத்தால் உங்களிடம் கேட்காமல் இருப்பா. நீங்களே கேளுங்கள். விடிய பஸ் ஏற்றிவிட்டுப் பின்னேரம் கூட்டிக்கொண்டு வரலாம்.

இனி, எழுதக் கொஞ்சம் மனம் கனக்கிற விஷயம். எங்கள் ஊரில் விருந்தாளியைப் பார்க்க அயலவர்கள் வருவார்கள். வந்து, "எந்த ஊர், ஆற்றை பிள்ளை, தாய் தகப்பன் என்ன வேலை" என்று தொடங்குவார்கள். அந்தக் கேள்விகள் எங்கே போய் முடிகின்றன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மலையகத்தில் இருந்து வருகிறவர்களிடம் அது இன்னும் கூர்மையாக, இரக்கம் மாதிரி வேடம் போட்டு வரும். "பாவம், லயத்தில்தானே இருந்திருப்பியள்?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, அதன்பின் தலைமுறை தலைமுறையாகப் போராடித் தங்கள் பிள்ளைகளைப் பேராதனைக்கு அனுப்பிய சனம். அவர்களிடம் இரக்கம் காட்ட எங்களுக்கு ஒரு தகுதியும் இல்லை. மரியாதை காட்டக் கடமை இருக்கிறது.

அந்தக் கேள்வி வந்தபிறகு மறிப்பது கடினம். முதலே மாமியோடு தனியாக இருந்து கதையுங்கள். "மாமி, இவ என்னோடு நாலு வருஷம் ஒரே அறையில் இருந்த சிநேகிதி, ஆரும் ஏதும் கேட்டால் நீங்கள்தான் கதையை மாத்த வேணும்" என்று அவவிடமே பொறுப்பைக் கொடுங்கள். வீட்டின் மூத்தவ ஒரு சொல் சொன்னால் அயல் அடங்கும். நீங்கள் சொன்னால் "படித்த திமிர்" என்பார்கள். குவளை, தட்டு, இருக்கை எதிலும் வேறுபாடு இருக்கக் கூடாது. உங்கள் மாமி அப்படிப்பட்டவ இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் வேலைக்கு வருகிற, பூக்கொண்டு வருகிற, சொந்தம் என்று வருகிற எல்லாரையும் நீங்கள் தெரிந்துகொள்ள முடியாது. விருந்தாளி உங்கள் வீட்டில் நிற்கும்வரை அவவின் மானம் உங்கள் பொறுப்பு.

அவ ஒரு நாள் சமைக்கட்டும். மரக்கறி வாங்கக் காசு கொடுக்க முன்வந்தால் ஒரு தடவை விடுங்கள், ஒவ்வொரு முறையும் கையைத் தட்டிவிட்டால் மூன்றாம் நாளில் இருந்து தான் பாரம் என்று நினைக்கத் தொடங்குவா. உங்கள் லீவை ஏழு நாளும் எடுக்க வேண்டாம். தேர் நாள், வடமராட்சி நாள், கூழ் நாள் மூன்றுக்கும் எடுத்தால் போதும். மற்ற நாட்களில் நீங்கள் வேலைக்குப் போய்விட்டு வரும்வரை அவ மாமியோடு கதைத்துக்கொண்டோ, வாசித்துக்கொண்டோ, மத்தியானம் நித்திரை கொண்டோ இருப்பா. அந்த வெறும் மத்தியானங்கள் இல்லாமல் இரண்டு சிநேகிதிகளுக்குப் பழைய கதை கதைக்க நேரம் எங்கே வரும்?

திரும்பிப் போகும்போது கட்டிக் கொடுக்க: பனங்கட்டிக் குட்டான், ஒடியல், வேப்பம்பூ வடகம், மோர் மிளகாய், வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள். தூளைக் காற்றுப் புகாத போத்தலில் போட்டு, மூடியைச் சுற்றி ஒட்டியும் விடுங்கள், மலையின் ஈரப்பதனுக்குச் சீக்கிரம் கட்டிபடும். பனங்கட்டியும் அங்கே இளகும், பிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். தேர் முடிந்த கிழமையில் கண்டி, கொழும்புப் பஸ்களில் இருக்கை கிடைப்பது கடினம். அவ வந்து இறங்குகிற அன்றே திரும்புகிற இரவுப் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள், மேற்கு வெயில் படாத பக்கம் என்று தேடத் தேவையில்லை, இரவுதானே. யன்னல் பக்கம் கேட்டால் போதும்.